மாடு உரசிய தூணுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணம்

என் மகள் தன் கல்யாணத்துக்கு இடம் பார்த்துவிட்டதாகச் சொன்னது கலிபோர்னியாவின் சன்னிவேலில், எல் கமினோ சாலையில் நாங்கள் வழக்கமாகப் போகும் தோசைக் கடையில். நெய் ரோஸ்ட் வந்து, நான் முதல் விள்ளலைச் சட்னியில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்ட நேரம் பார்த்துச் சொன்னாள். வாய் நிறையத் தோசை இருந்தால் அம்மா கத்த மாட்டாள் என்பதைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்து வைத்திருக்கிறாள்.

“அம்மா, வீ ஃபவுண்ட் த பிளேஸ்.”

“எந்த ஹால்?”

“இட்ஸ் நாட் எ ஹால். இட்ஸ் எ மொனாஸ்ட்ரி.”

தோசையை அவசரமாக விழுங்கினேன். “மடமா? குடும்பமே வேணாம்னு ஓடிப் போறவங்க இருக்கற எடத்துலயாடி கல்யாணம் பண்ணிப்பாங்க?”

என் வீட்டுக்காரர் சாம்பார் கிண்ணத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபத்து வரும்போதெல்லாம் அவருக்குச் சாம்பாரில் ஏதாவது ஆராய்ச்சி இருக்கும்.

இந்த ஊரில் பிறந்த பிள்ளைகளைப் போலத்தான் என் மகளும். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அன்று அவள் ஆங்கிலத்தில் சொன்ன கதை இது. வேலையில் பிழிந்து எடுத்த ஒரு வருடம், வார இறுதிகளில் ஃபிரெண்ட்ஸோடு டாஹோ ஏரிக்குப் போவதாக எங்களிடம் சொல்லிவிட்டு அவள் போனது அந்த மடத்துக்கு. அங்கே ஜென் பௌத்தர்கள் இருக்கிறார்கள். காலையிலிருந்து மாலை வரை யாரும் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவளுக்கு அடுத்த திண்டில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். மௌனம் முடிந்து, பார்க்கிங்கில் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அவன் முதல் முறையாக வாயைத் திறந்தானாம். அதற்குள் இவள் முடிவு செய்துவிட்டாள். பார்த்தால் அவன் டெக்சாஸில், பிளானோவில் வளர்ந்த தமிழ்ப் பையன்.

“பேசாமலே புடிச்சுப் போச்சா? நாங்க இத்தனை வருஷமா பேசிப் பேசியே ஓட்டிட்டு இருக்கோம்,” என்றேன்.

“நீ பேசற,” என்றார் வீட்டுக்காரர், சாம்பாரிடம்.

பையனை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. இடம்தான் உறுத்தியது. என் பிழைப்பே மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது. ஒரு பொருளைப் பத்துப் பேர் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், பதினோராவது ஆளாக நான் போய் அது எங்கே உடையும் என்று தட்டிப் பார்ப்பேன். ஆகவே அடுத்த சனிக்கிழமை, எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு, மடத்தைத் தட்டிப் பார்க்கக் கிளம்பினோம்.

ஃப்ரீவேயில் வடக்கே போகப் போக, அலுவலகக் கட்டடங்கள் தீர்ந்து வாதுமைத் தோப்புகள் வந்தன. தோப்புகளுக்கு நடுவே ஒரு மண் பாதை. அதன் முடிவில், கலிபோர்னியாவுக்குச் சற்றும் சம்பந்தமில்லாத மஞ்சள் கல் கட்டடம் ஒன்று, யாரோ இறக்கி வைத்துவிட்டு மறந்துபோன சாமான் மாதிரி நின்றது.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். முதல் மதிப்பெண் போட்டேன். செல்போனை ஒரு பிரம்புக் கூடையில் போடச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் பிள்ளையை டே கேரில் முதல் நாள் விடுகிற முகத்தோடு போட்டார். அதற்கு இன்னொரு மதிப்பெண்.

உள்ளே உயரமான கல் மண்டபம். வளைவு வளைவாகக் கூரை. மண்டபத்தின் ஓரத்தில், பக்கத்து அறைக்குப் போகிற வளைவை ஒட்டி, ஒரு தூண் மட்டும் இடுப்பு உயரத்துக்கு எண்ணெய் தேய்த்தது போல வழவழவென்று மின்னியது. எத்தனை தலைமுறைக் கைகள் தொட்டுக் கும்பிட்டிருந்தால் ஒரு கல் அப்படித் தேயும் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் ஊர்க் கோயில்களில் நந்தியின் முதுகும் வாசல் நிலையும் அப்படித்தானே தேய்ந்திருக்கும். இரண்டு கையாலும் தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். என்னைப் பார்த்து வீட்டுக்காரரும் ஒற்றிக்கொண்டார்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். தோட்டத்துத் தொப்பியும் மண் படிந்த கையுறையுமாக ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா. கழுத்தில் சின்ன மரச் சிலுவை.

“மன்னியுங்கள். அது மாடுகள் முதுகு சொறிந்துகொண்ட தூண்,” என்றார்.

என் மகள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். நான் அசரவில்லை. “மாடா? அப்ப இன்னும் நல்லதாப் போச்சு!” என்று இன்னொரு முறை ஒற்றிக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு என்னைப் பிடித்துப்போனது அந்த நொடியில்தான் என்று பிற்பாடு அவரே சொன்னார்.

பௌத்த மடத்தில் சிலுவை போட்டவருக்கு என்ன வேலை என்று கேட்டேன். அவர் பதிலாக அந்த இடத்தின் கதையையே சொன்னார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்கென்னவோ அது தமிழிலேயே ஞாபகம் இருக்கிறது.

இந்தக் கற்கள் ஸ்பெயினில், ஒரு மலைச் சரிவில், இடைக்காலத்தில் அடுக்கப்பட்டவை. கட்டியவர்கள் வெள்ளை அங்கி போட்ட கிறித்துவத் துறவிகள். ஆடு வளர்த்தார்கள், வயலில் உழைத்தார்கள், பேச மாட்டார்கள். உப்பு வேண்டுமென்றால் அதற்கு ஒரு சைகை, ரொட்டிக்கு ஒரு சைகை. பேசித்தான் ஆக வேண்டுமென்றால் அதற்கென்று ஒரே ஒரு அறை. (எங்கள் வீட்டில் குளியலறை உட்பட எல்லாமே அந்த அறைதான்.) பல நூறு வருடங்கள் அப்படியே ஓடின. பிறகு ஆட்சி மாறியது, துறவிகளைத் துரத்திவிட்டார்கள். ஒரு விவசாயி மடத்தை வாங்கினார். பிரார்த்தனை நடந்த மண்டபத்தில் மாடு கட்டினார். மாடுகளும் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தன. அவையும் அதிகம் பேசவில்லை.

அப்புறம் ஓர் அமெரிக்கப் பணக்காரருக்கு அந்த மண்டபத்தின் மேல் கண் விழுந்தது. தன் பங்களாவில் நீச்சல் குளத்துக்குக் கூரையாக வைக்கலாம் என்று நினைத்தாராம். ஒவ்வொரு கல்லிலும் பெயிண்டால் எண் எழுதி, வைக்கோல் சுற்றி, பெட்டி பெட்டியாகக் கப்பலேற்றினார். கற்கள் வந்து சேர்வதற்குள் பணம் காலி. பெட்டிகள் ஒரு கிடங்குக்குப் பின்னால் வெட்டவெளியில் கிடந்தன. மழையில் பெட்டி உளுத்தது, எண்கள் கரைந்தன. கடைசியில் எந்தக் கல் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாத ஒரு பெரிய குவியல்.

அந்தக் குவியலை வாங்கியவர்கள் ஒரு கத்தோலிக்கக் கன்னியர் கூட்டம். கதை சொன்ன இந்த அம்மாவும் அவர்களில் ஒரு சிஸ்டர்; அவர் அதில் இளையவராகச் சேர்ந்த வருடங்களில்தான் கட்டடம் எழும்பியது. கொத்தனார்களோடு சேர்ந்து கன்னியர்களும் கல்லைப் புரட்டிப் புரட்டிப் பொருத்திப் பார்த்தார்களாம்.

“இதோ, இந்தக் கல் தலைகீழ்,” என்று சுவரில் ஒன்றைக் காட்டினார். செதுக்கிய திராட்சைக் கொடி ஒன்று மேலிருந்து கீழே வளர்ந்துகொண்டிருந்தது. “சுண்ணாம்பு காய்ந்த பிறகுதான் பார்த்தோம்.”

“எங்க ஊருலயும் உண்டு சிஸ்டர்,” என்றேன். திருப்பணி என்று பிரித்துக் கட்டும்போது கல்வெட்டுகளைத் தலைகீழாகப் பதித்த கோயில்கள் எத்தனை! ராஜராஜன் காலத்துத் தானத்தைப் படிக்க நம் ஆட்கள் தலையைத் திருப்பிக்கொண்டு நிற்பதைச் சொன்னேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். தான் செய்த தவறையே செய்த ஆட்கள் உலகத்தின் அந்தப் பக்கத்திலும் இருக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது.

காலப்போக்கில் கன்னியர்களுக்கு வயதாகியது, புதிதாக யாரும் சேரவில்லை. இடத்தை விற்கத் தரகர்கள் வந்தார்கள். ஆனால் கன்னியர்கள் ஜென் பௌத்தர்களைக் கூப்பிட்டு ஒப்படைத்தார்கள். அமைதியைக் காக்க வேண்டும், வருகிற விருந்தாளியைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று இரண்டு நிபந்தனைகள். போக மனமில்லாத இந்த சிஸ்டர் மட்டும் தோட்டத்தையும் தேனீக்களையும் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். காலையில் அவர் ஒரு மூலையில் ஜெபமாலை உருட்டுவார், பௌத்தர்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கும் யாரும் இடைஞ்சல் இல்லை.

எல்லாம் கேட்டு மனம் இளகியிருந்த நேரத்தில்தான் மடத்தின் தலைவி வந்தார். மொட்டைத் தலை, கறுப்பு அங்கி, நல்ல சிரிப்பு. கல்யாணம் தாராளமாக நடத்தலாம் என்றார். ஆனால் மண்டபத்தில் நெருப்புக் கூடாது, மைக் கூடாது, வாத்தியம் கூடாது.

“நெருப்பு இல்லாம எப்படிங்க கல்யாணம்? அக்கினிதான் சாட்சி!” என்றேன், என் மகள் என் புடவையைப் பிடித்து இழுக்க இழுக்க. தலைவி வருத்தத்தோடு கூரையைக் காட்டினார். கல் பழையது, கரி பிடிக்கும்.

கரி என்றதும் எனக்கு வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்த அறை கண்ணில் பட்டது. அதன் சுவர்கள் உள்பக்கம் மட்டும் கறுத்திருந்தன. தரையின் நடுவில் கல் பதித்த வட்டமான பள்ளம், நேர் மேலே கூரையில் ஒரு துளை.

“அது என்ன சிஸ்டர்?”

அவர் முகம் மலர்ந்தது. “குளிர்காயும் அறை. பனிக்காலத்தில் சமையலறையைத் தவிர மடம் முழுவதிலும் நெருப்புக்கு அனுமதி இருந்த ஒரே இடம். துறவிகள் விரல் விறைத்துப் போனால் இங்கே வந்து கொஞ்ச நேரம் நிற்பார்கள். ஒருபக்கம் கறுத்த கற்களையெல்லாம் தனியாகச் சேர்த்துப் பார்த்தபோதுதான் இந்த அறையே எங்களுக்குக் கிடைத்தது.”

எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நான் தலைவியிடம் திரும்பினேன். இந்த அறையைக் கட்டியதே நெருப்புக்காக, அந்த விதி உங்கள் விதிக்கும் கன்னியர்கள் விதிக்கும் மூத்தது, மாட்டுக்கும் மூத்தது என்றேன். விருந்தாளியைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று நீங்கள் ஒத்துக்கொண்டதையும் இப்போதுதான் கேட்டேன் என்றேன். அலுவலகத்தில் மென்பொருளில் ஒரு குறை கண்டுபிடித்து அதை யாரும் மறுக்க முடியாமல் எழுதிக் கொடுத்தபோதுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. தலைவி அறைக்குள் போய், துளையை அண்ணாந்து பார்த்தார். பிறகு, பக்கத்தில் தண்ணீர் வாளியும் தீயணைப்பானும் இருக்க வேண்டும் என்றார். நடுவில் குண்டம் இருந்தால் சுற்றி வலம் வரவும் சரியாக இருக்கும். வளைவு வழியாக மண்டபத்தில் இருப்பவர்களும் பார்க்கலாம்.

திரும்பி வரும் வழியில் நான் அடுத்ததை எடுத்தேன். “மேளம்?”

“அம்மா, ப்ளீஸ். நோ மேளம். வீ மெட் இன் சைலன்ஸ். தட் ரூம் மீன்ஸ் சைலன்ஸ் டு மீ.” சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல் ஓட்டிக்கொண்டே சேர்த்துச் சொன்னாள். “யூ காட் யுவர் ஃபயர்.”

நியாயம்தான். நெருப்பு எனக்கு, அமைதி அவளுக்கு. சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வெளியே வாதுமை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு அழுகையாக வந்தது.

சடங்குக்காக மட்டும் நான் மேளம் கேட்கவில்லை. சைதாப்பேட்டையில் என் கல்யாணத்தில், தாலி ஏறுகிற நேரத்தில் என் அப்பா அழுதார். வாய் கோணி, தோள் குலுங்கியது எனக்கு ஓரக்கண்ணில் தெரிந்தது. சத்தம் மட்டும் கேட்கவில்லை. கெட்டிமேளம் அதை மூடிவிட்டது. கேட்டிருந்தால் நான் மணையிலிருந்து எழுந்து அவரிடம் ஓடியிருப்பேன், விமானம் ஏறியிருக்கவே மாட்டேன். நான் அப்பாவை உரித்துக்கொண்டு பிறந்தவள். விளம்பரத்துக்கே அழுகிறவள். எறும்பு ஊர்ந்தாலும் கேட்கிற அந்தக் கல் மண்டபத்தில், என் ஒரே மகளின் கழுத்தில் தாலி ஏறும்போது என் அழுகையை எதை வைத்து மூடுவேன்?

இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் அமைதியை நான் அழுதே வாங்கிக்கொண்டது மாதிரி ஆகும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் பந்தி ஏற்பாட்டுக்காக நாங்கள் மடத்துக்குப் போயிருந்தபோது, தோட்டத்தில் சிஸ்டரிடம்தான் கொட்டினேன்.

அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, வராந்தாவில் தொங்கிய கனத்த மரப்பலகையைக் காட்டினார். சுத்தியால் தட்டினால் டொக் டொக்கென்று தோப்பு வரை கேட்கும். “பழைய துறவிகளிடம் இப்படி ஒன்று இருந்தது. எங்களிடம் இருந்தது. இப்போது இவர்களிடமும் இருக்கிறது. வேண்டுமானால் இதைத் தட்டட்டுமா?”

“எதுக்கெல்லாம் தட்டுவாங்க சிஸ்டர்?”

“வேலைக்குக் கூப்பிட. ஜெபத்துக்குக் கூப்பிட. அந்தக் காலத்தில் ஒரு துறவி உயிர் பிரியும் நேரத்திலும், எல்லோரும் ஓடி வரட்டும் என்று.”

“ஐயையோ! கல்யாணத்துல அதைத் தொடவே தொடாதீங்க!” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வாளியோடு வந்த என் மகள் நான் எதற்கு அலறுகிறேன் என்று எட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

கல்யாணத்தன்று காலை வெயில் அந்த மஞ்சள் கல்லின் மேல் விழுந்து மண்டபமே மஞ்சள் பூசிக்கொண்ட மாதிரி இருந்தது. மாட்டுத் தூணுக்கு நான் ஒரு சாமந்திச் சரம் சுற்றினேன். அறையின் நடுவில் குண்டம், பக்கத்தில் வாளி, அதன் பக்கத்தில் சிவப்புத் தீயணைப்பான், அதற்கும் குங்குமப் பொட்டு வைத்திருந்தார் என் வீட்டுக்காரர். பிளானோவிலிருந்து வந்த சம்பந்தியம்மா பட்டுப்புடவை சரசரப்பது கேட்கிறதே என்று வெட்கப்பட்டார். ஐயர் கூடக் குரலை இறக்கி மந்திரம் சொன்னார். புகை அடம் பிடிக்காமல் நேராகத் துளைக்குள் ஏறிப் போனது. வழி அதற்கு ஞாபகம் இருந்தது போல.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். ஐயருக்குப் பழக்கதோஷம். கையைத் தூக்கி விரலை ஆட்டி, “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டார்.

மண்டபம் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அடங்கியது. பிறகு ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் அவசரமாகச் சட்டைப்பையைத் தடவினார். திருட்டுத்தனமாக நாதஸ்வரம் பதிவு செய்து கொண்டுவந்திருக்கிறார் மனிதர். போன் வாசலில் கூடைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தேன், வந்தது அழுகை. அப்பாவின் அழுகை, அதே கோணல் வாயோடு. முந்தானையை வாயில் திணிப்பதற்குள் முதல் விம்மல் வெளியே போய்விட்டது.

அப்போது சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. தலைவி முன்னால் நின்றார், இடுப்பில் ஒரு பெரிய சூப் அண்டாவை அணைத்தபடி, கையில் கரண்டியோடு. அவருக்குப் பின்னால் மொட்டைத் தலையும் கறுப்பு அங்கியுமாக அத்தனை பேர். மத்தியானம் வரை வாய் திறக்காதவர்கள். வாணலி, மூடி, வடிதட்டு, எது கிடைத்ததோ அது. சிஸ்டர் தோட்டத்து வாளியை மண்வெட்டிக் காம்பால் வெளுத்து வாங்கினார். மரப்பலகையை மட்டும் யாரும் தொடவில்லை. அந்தச் சத்தத்தைக் கல் கூரை பிடித்துக்கொண்டு பத்து மடங்காக்கி எங்கள் மேல் கொட்டியது. தாளம் கிடையாது, சுருதி கிடையாது, ஒருவரோடு ஒருவர் சேரவும் இல்லை. அப்படி ஒரு கெட்டிமேளத்தை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. வாய் விட்டு, தோள் குலுங்க, ஆசை தீர அழுதேன். சம்பந்தியம்மாவும் அட்சதையை அப்படியே கொட்டிவிட்டு என்னோடு சேர்ந்து அழுதார்.

தலை குனிந்திருந்த என் மகள் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் தோட்டத்தில் கொட்டியதை சிஸ்டர் அவளிடம் வாய் தவறி உளறியிருக்கிறார். அந்தச் சத்தத்துக்கு ஏற்பாடு செய்தவள் அவளேதான்.

சில மாதங்கள் கழித்து, தோப்பு பூத்திருந்த சமயத்தில், மகளும் நானும் மறுபடி அங்கே போனோம். சிஸ்டர் யாரோ வெளியூர்க்காரர்களுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். துறவிகள், மாடுகள், பணக்காரர், கன்னியர்கள், இப்போது இருப்பவர்கள் என்று கதை வரிசையாக வந்தது. குளிர்காயும் அறைக்கு வந்ததும், கூரைத் துளையின் விளிம்பில் புதிதாக ஏறியிருந்த கரியைக் காட்டினார். அதைத் துடைக்க வந்தவர்களை அவர் விடவில்லையாம்.

“கீழே இருக்கும் கறுப்பு ஸ்பெயின்காரர்களுடையது. மேலே இருப்பது இவர்கள் வீட்டுடையது,” என்று எங்களைக் கை காட்டினார்.

வெளியூர்க்காரர்கள் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். என் மகள் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு ஏதோ அரண்மனைக்காரி மாதிரி தலையசைத்தாள். கூட்டம் நகர்ந்த பிறகு, தூணில் சாய்ந்துகொண்டு, இத்தனை நாளாகக் கேட்காததைக் கேட்டேன்.

“அன்னிக்கு, பாத்திரம் அடிக்கறதுக்கு முன்னாடி, நான் அழுதது உனக்குக் கேட்டுச்சாடி?”

அவள் அண்ணாந்து எங்கள் கரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் தோளில் தலையைச் சாய்த்தாள்.

“இல்லம்மா,” என்றாள் தமிழில். “ஒண்ணுமே கேக்கல.”